நம்பி ஒப்படைத்த கோப்புகள்

(ஆதரவாளர் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தக் கூடுகையில் வழக்கமாகக் கட்டடத்தைப் பற்றியும் கருவிகளைப் பற்றியும் பேசுவோம். பிரசவ வார்டுக்குக் கூரை, ஆய்வகத்துக்கு நுண்ணோக்கி என்று சொன்னால் உங்களுக்கு உடனே விளங்கும். கொடுத்தபின் வந்து பார்க்கவும் முடியும். இன்று நாங்கள் சொல்லப்போவது அப்படி வந்து பார்க்கக்கூடிய பொருள் அல்ல. நோயாளிகள் தங்களைப் பற்றி எங்களிடம் சொன்ன விவரங்கள் இப்பொழுது கம்ப்யூட்டர் கோப்புகளாகி, இன்டர்நெட் வழியாக எட்டக்கூடிய ஓர் இடத்தில் சேர்ந்திருக்கின்றன. அவை போகக்கூடாத கைக்குப் போகாமல் காக்கும் விதிமுறைகளை ஏற்படுத்துவதே இன்றைய பொருள். பேச்சின் முடிவில் உங்களிடம் இரண்டு உதவிகள் கேட்போம். ஒன்று பணம். மற்றது பணத்தைவிடச் சற்றுக் கடினமானது.

எங்களிடம் வருகிறவர்கள் யார் என்பதை முதலில் நினைவுபடுத்திக்கொள்வோம். சென்னையிலிருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கே போனால், ஆந்திர எல்லைக்குச் சற்று முன்னால் கும்மிடிப்பூண்டி. அங்கே சிப்காட் வளாகத்தில் இரும்பு உருக்கும் ஆலைகள், ரோலிங் மில்கள், இரசாயனத் தொழிற்சாலைகள். மேற்கே தேர்வாய்கண்டிகையில் இன்னொரு சிப்காட். திருவள்ளூர் பக்கத்தில் காக்களூர் தொழிற்பேட்டை. இவற்றில் உழைக்கிறவர்களில் நம் கிராமத்து மக்களோடு ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் மாநிலங்களிலிருந்து வந்தவர்களும் ஏராளம். கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் முகாமும் இருக்கிறது.

ஊரை விட்டு வந்த ஒரு தொழிலாளி மருத்துவமனையில் பதிவுசெய்யும்போது என்னவெல்லாம் கொடுக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். பெயர், தகப்பன் பெயர், சொந்த ஊர், போன் நம்பர், ஆதார் எண், எந்தக் கான்ட்ராக்டரிடம் வேலை என்ற விவரம். காசநோய் என்று தெரிந்தால் வங்கிக் கணக்கு எண்ணும் சேர்ந்துகொள்ளும். ஏனென்றால் காசநோயாளியின் சத்துணவுக்காக மத்திய அரசு 2018 ஏப்ரல் முதல் மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாயும் நேரே வங்கிக் கணக்கில் செலுத்தும் திட்டம் உண்டு. ஆக, ஒரே தாளில் அவருடைய அடையாளம், அவருடைய பணம், அவருடைய நோய் மூன்றும் சேர்ந்துவிடுகின்றன.

அந்தத் தாள் கான்ட்ராக்டரின் கைக்குப் போனால் என்ன நடக்கும்? ரோலிங் மில் தொழிலாளி ஒருவரை எடுத்துக்கொள்வோம். கான்ட்ராக்டர் பிடித்துக்கொடுத்த அறையில் எட்டுப் பத்துப் பேரோடு தங்கியிருக்கிறார். அவருக்குக் காசநோய் என்ற செய்தி பரவிய அன்றே அறையும் போகும், வேலையும் போகும். ஊருக்கு ரயில் ஏறுவார். சாதாரணக் காசநோய்க்கு மருந்தை ஆறு மாதம் விடாமல் சாப்பிடவேண்டும். சிகிச்சை தொடங்கிச் சில வாரங்களிலேயே பிறருக்குத் தொற்றும் அபாயம் வெகுவாகக் குறைந்துவிடும். ஆனால் நடுவில் நிறுத்தினால் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறக்கூடும். இரகசியம் வெளியானதால் ஒரு மனிதனின் மானம் மட்டுமா போயிற்று? சிகிச்சையே முறிந்துபோயிற்று. ஆகவே இரகசியத்தைக் காப்பது சிகிச்சையின் ஒரு பகுதி என்றே நாங்கள் கருதுகிறோம்.

இந்தப் பாடம் மிஷன் மருத்துவமனைகளுக்குப் புதிதல்ல. 1986ஆம் ஆண்டு சென்னையில் எடுக்கப்பட்ட இரத்த மாதிரிகளை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதித்தபோதுதான் இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி இருப்பது முதன்முதலாகத் தெரியவந்தது. பெயர் வெளியே தெரிந்துவிடும் என்ற பயம் இருந்தால் யாரும் சோதனைக்கு வரமாட்டார்கள் என்பதை அதன்பின் வந்த ஆண்டுகளில் நம் டாக்டர்களும் சிஸ்டர்களும் கண்கூடாகக் கண்டார்கள்.

அந்நாட்களில் காவல் எளிதாக இருந்தது. மருத்துவப் பதிவேட்டு அறைக்கு ஒரு பூட்டு. சாவி ஒரு கிளார்க்கிடம். ஒரு கோப்பை எடுத்தால் நோட்டில் கையெழுத்துப் போட்டு எடுக்கவேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய காவல் காகிதத்தின் பாரம்தான். ஆயிரம் நோயாளிகளின் கோப்புகளை யாரும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வாசலைத் தாண்டமுடியாது. இன்று முடியும். ஆயிரம் பேரின் விவரம் ஒரு எக்ஸெல் தாளில் அடங்கும்.

இப்பொழுது கோப்புகளை வைக்கும் இடத்தைக் கிளவுட் என்கிறார்கள், அதாவது மேகம். பெயர்தான் மேகம், உண்மையில் அது எங்கோ ஒரு கட்டடத்திலுள்ள ஒரு பெரிய நிறுவனத்தின் கம்ப்யூட்டர். கூகுள் டிரைவ், மைக்ரோசாஃப்டின் ஒன்டிரைவ் என்று உங்கள் பிள்ளைகள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதனால் நன்மை உண்டு. கிராமத்து முகாமில் எழுதியது அந்த நிமிடமே மருத்துவமனையில் தெரியும். வெள்ளம் வந்தாலும் கோப்பு நனையாது. 2015 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட நமக்கு இது சிறிய காரியம் அல்ல.

ஆனால் அங்கே ஒரு கோப்பைப் பிறருக்குக் கொடுக்கும் விதம் வேறு. கோப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். அதற்குரிய ஒரு முகவரிதான் அனுப்பப்படும். அதை லிங்க் என்பார்கள். இன்னாருக்கு மட்டும் என்று பெயர் குறித்துக் கொடுக்கலாம். அல்லது லிங்க் கையில் உள்ள எவரும் திறக்கலாம் என்றும் விடலாம். இரண்டாவது வழி பூட்டின் சாவியை நகல் எடுத்துச் சந்தையில் போடுவதற்குச் சமம். ஒருவருக்கு அனுப்பினால் அவர் இன்னொருவருக்கு அனுப்புவார். அது எங்கே போய் நின்றது என்று அனுப்பியவருக்கே தெரியாது. இதைச் செய்கிறவர் கெட்டவராக இருக்கவேண்டியதில்லை. அவசரத்தில், உதவிசெய்யும் மனதோடு, நல்ல ஊழியர் செய்கிற காரியம் இது.

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிடவேண்டும். கோப்பு தொலைந்துபோவது வேறு, கசிந்துபோவது வேறு. 2022 நவம்பர் 23 அன்று டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கம்ப்யூட்டர்கள் இணையத் தாக்குதலால் முடங்கின. இரண்டு வாரம்வரை ஓ.பி. சீட்டு முதல் ஆய்வக முடிவுவரை கையால் எழுதினார்கள். அதற்கு மருந்து, நகல் எடுத்து வேறிடத்தில் பத்திரமாக வைப்பது. கசிவுக்கு அந்த மருந்து உதவாது. வெளியே போன இரகசியத்தை எந்த நகலும் திரும்பக் கொண்டுவராது.

கசிவு எப்படி நேர்கிறது என்பதற்குச் சில உண்மை நிகழ்ச்சிகளைச் சொல்கிறோம்.

2016 டிசம்பரில் மும்பையிலுள்ள ஓர் ஆய்வகத்தின் சோதனை முடிவுகள் சுமார் 43,000, பூட்டில்லாமல் இன்டர்நெட்டில் கிடந்தது தெரியவந்தது. எச்.ஐ.வி. முடிவுகளும் பெயரோடு அவற்றில் இருந்தன. பூட்டை உடைத்து நுழையவேண்டிய அவசியமே இல்லை. கதவு திறந்துதான் இருந்தது.

2019 ஜனவரி 28 அன்று சிங்கப்பூர்ச் சுகாதார அமைச்சு ஒரு வருத்தமான அறிக்கை வெளியிட்டது. எச்.ஐ.வி. உள்ள 14,200 பேரின் பெயர், அடையாள எண், முகவரி ஆகியவை இணையத்தில் வெளியாகியிருந்தன. அவர்களில் 8,800 பேர் வெளிநாட்டவர். இந்த விவரத்தை அயல்நாட்டுத் திருடன் யாரும் உடைத்து எடுக்கவில்லை. பதிவேட்டைப் பார்க்க முறையான அனுமதி பெற்றிருந்த ஓர் அதிகாரியின் வழியாக அது வெளியே போயிருக்கிறது என்று அமைச்சு தெரிவித்தது. விவரம் வெளியே இருக்கிறது என்று 2016இலேயே அமைச்சுக்குத் தெரிந்திருந்தது. அந்த ஆண்டு செப்டம்பரிலேயே, பதிவேட்டிலிருந்து எதையும் இறக்கி எடுக்க இருவர் ஒப்புதல் வேண்டும் என்று விதி செய்தார்கள். 2017இல் அனுமதியில்லாத பென் டிரைவ் போன்றவை அலுவலகக் கம்ப்யூட்டர்களில் இயங்காதபடி செய்தார்கள். ஆனால் அதற்குமுன் போனது போனதுதான்.

நம் மாநிலத்திலும் நடந்திருக்கிறது. 2022 டிசம்பரில், திருப்பூரிலுள்ள ஒரு மருத்துவமனையைச் சேர்ந்த 1.5 லட்சம் நோயாளிகளின் விவரம் இணையத்தில் விற்பனைக்கு வந்ததாகப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அது மருத்துவமனையிலிருந்து நேரே போகவில்லை, கம்ப்யூட்டர் வேலை செய்துகொடுத்த ஒரு வெளி நிறுவனத்தின் வழியாகப் போயிருக்கிறது என்றும் சொன்னார்கள். ஒரு பிரதியின் விலை 100 டாலர். 1.5 லட்சம் பேரின் அந்தரங்கத்துக்கு அவ்வளவுதான் விலை! 2024 செப்டம்பரில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் இன்சூரன்ஸ் நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள், நோய்க் குறிப்பும் சோதனை முடிவும் உட்பட, டெலிகிராமில் கிடைப்பதாகச் செய்தி வந்தது. 3.1 கோடிப் பேரின் விவரம் தன்னிடம் இருப்பதாகத் திருடியவர் சொல்லிக்கொண்டார். நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய்த் தடையுத்தரவு வாங்கவேண்டியதாயிற்று.

வெளியிலிருந்து உடைத்து நுழைகிறவர்களைத் தடுக்க வேறு காவல்கள் வேண்டும். இன்று நாங்கள் பேசுவது, உள்ளே இருக்கும் கைகளின் வழியாக, தெரிந்தோ தெரியாமலோ வெளியே போவதைப் பற்றி. இதைத் தடுக்கும் ஏற்பாட்டுக்கு டேட்டா லாஸ் பிரிவென்ஷன் என்று பெயர். சுருக்கமாக டி.எல்.பி. என்பார்கள்.

சிப்காட் பக்கம் வசிக்கிறவர்களுக்கு இதை விளக்குவது எளிது. எந்தத் தொழிற்சாலையிலும் கேட் பாஸ் இல்லாமல் ஒரு போல்ட், நட் கூட வெளியே போகாது. வாசலில் நிற்கும் செக்யூரிட்டிக்கு இரும்பு உருக்கத் தெரியவேண்டியதில்லை. அவருக்கு மூன்று காரியங்கள் தெரிந்தால் போதும்: எந்தப் பொருள் வெளியே போகக்கூடாது, அதைப் பார்த்தால் எப்படி அடையாளம் காண்பது, யார் கையெழுத்திட்டால் போகலாம். டி.எல்.பி.யும் அப்படியே. கோப்பு ஒன்று வெளியாருக்குப் போகப்போகும் நேரத்தில் கம்ப்யூட்டரே வாசலில் நின்று அதைப் பார்க்கிறது. ஆனால் அந்த மூன்று காரியங்களையும் அதற்குச் சொல்லிக்கொடுக்கவேண்டியவர்கள் நாம். காவலாளை வைத்துவிட்டு, எதைப் பார்க்கவேண்டும் என்று சொல்லாமல் விட்டால் அவர் வாசலில் சும்மா உட்கார்ந்திருப்பார்.

முதலாவது, எது போகக்கூடாது? இதற்குக் கம்ப்யூட்டர்காரர் பதில் சொல்லமுடியாது. டாக்டர், நர்சிங் சூப்பிரண்டெண்ட், கணக்கர், பதிவேட்டு அறை கிளார்க் ஆகியோர் ஒன்றாக உட்கார்ந்து முடிவு செய்யவேண்டும். கோப்புகளை மூன்றாகப் பிரிப்பது நல்லது. யாரும் பார்க்கலாம் என்பவை: முகாம் அறிவிப்பு, ஓ.பி. நேரம் போன்றவை. அலுவலகத்துக்குள் மட்டும் என்பவை: டியூட்டி பட்டியல், மருந்து இருப்பு. மூன்றாவது அந்தரங்கம்: கேஸ் ஷீட், ஆய்வக முடிவு, போலீஸ் கேஸ் சம்பந்தமான குறிப்பு, மனநலக் குறிப்பு, ஊழியர் சம்பளம், கொடையாளர் பட்டியல். அந்தரங்கத்துக்குள்ளும் எச்.ஐ.வி., காசநோய், மணமாகாத பெண்ணின் கர்ப்பம் போன்றவை உள்ளறைக்குள் உள்ளறை.

இரண்டாவது, வாசலின் அளவு. லிங்க் உள்ள எவரும் திறக்கலாம் என்ற வசதியை நிர்வாகியின் இடத்திலிருந்து மருத்துவமனை முழுவதற்கும் அடைத்துவிடலாம். பெயர் குறித்து, இத்தனை நாளைக்கு என்று தேதி குறித்துக் கொடுக்கும் வழி மட்டும் திறந்திருக்கும். செலவில்லாத இந்த ஒரு காரியமே ஒரு பெரிய ஓட்டையை அடைத்துவிடும்.

மூன்றாவது, அடையாளம் காண்பது. கம்ப்யூட்டருக்கு நோயாளியின் கண்ணீர் தெரியாது. எண்ணும் எழுத்தும்தான் தெரியும். நல்ல வேளையாக நம் நாட்டு அடையாள எண்களுக்கு ஓர் அமைப்பு உண்டு. பான் எண்ணில் ஐந்து எழுத்து, நான்கு இலக்கம், ஓர் எழுத்து. ஆதாரில் 12 இலக்கம்; முதல் இலக்கம் 0 அல்லது 1 ஆக இருக்காது; கடைசி இலக்கம் முந்தின பதினொன்றையும் வைத்துக் கணக்கிட்டுப் போடப்படுவது. ஓர் இலக்கத்தை மாற்றி எழுதினாலும் கணக்கு ஒத்துவராது. மைக்ரோசாஃப்ட் போன்ற நிறுவனங்களின் கிளவுட் சேவையில் இந்த இரண்டையும் கண்டுபிடிக்கும் ஏற்பாடு ஆயத்தமாகவே கிடைக்கிறது. நோயாளியின் ஓ.பி. எண்ணுக்கு ஓர் அமைப்பைக் கொடுத்து, அதையும் பார்க்கச் சொல்லலாம். சில சொற்களையும் சேர்க்கலாம். தமிழிலும் ஆங்கிலத்திலும் சேர்க்கவேண்டும்.

இங்கே ஒரு சிக்கலைக் கவனியுங்கள். நம் செல்போன் எண் 10 இலக்கம். முன்னால் நாட்டின் குறியீடு 91 சேர்த்தால் 12 இலக்கம். அது 9இல் தொடங்குகிறது. ஆகவே பார்ப்பதற்கு ஆதார் எண் போலவே இருக்கும். கடைசி இலக்கக் கணக்கு பத்தில் ஒன்றுக்குத் தற்செயலாக ஒத்துப்போகும். 200 பேரின் போன் நம்பர் உள்ள முகாம் பட்டியலில் ஏறக்குறைய 20 ஆதார் எண்கள் இருப்பதாகக் கம்ப்யூட்டர் கூக்குரலிடும். காவல் நாய் பால்காரரைப் பார்த்தும் குரைத்தால், நாளடைவில் அது குரைப்பதை யாரும் கவனிக்கமாட்டார்கள். திருடன் வரும் நாளிலும் கவனிக்கமாட்டார்கள். ஆகவே எண்ணுக்குப் பக்கத்தில் ஆதார் என்ற சொல்லும் இருந்தால் மட்டும் தடுக்கவேண்டும் என்று விதியைத் திருத்தவேண்டும். ஓர் எண் இருந்தால் எச்சரி, பத்து எண் இருந்தால் நிறுத்து என்றும் அளவு வைக்கலாம்.

நான்காவது, பொறுமை. விதி எழுதிய அன்றே கதவை மூடக்கூடாது. முதல் சில வாரங்கள் எதையும் தடுக்காமல், எது எது வெளியே போகிறது என்று குறித்துக்கொள்ள மட்டும் விடவேண்டும். அடுத்து, அனுப்புகிறவருக்கு ஓர் எச்சரிக்கை: இதில் நோயாளியின் அடையாளம் இருக்கிறது, அனுப்பத்தான் வேண்டுமா? பலர் இந்தக் கேள்வியிலேயே கையை எடுத்துவிடுவார்கள். அதன்பின்தான் தடை.

ஐந்தாவது, கேட் பாஸ். இரவு இரண்டு மணிக்கு மெஷினில் கை சிக்கிய தொழிலாளி ஒருவரைச் சென்னை அரசு பொது மருத்துவமனைக்கு அனுப்பவேண்டும். எக்ஸ்ரேவையும் குறிப்பையும் அங்குள்ள டாக்டருக்கு முன்கூட்டி அனுப்பவேண்டும். அந்த நேரத்தில் விதி குறுக்கே விழுந்து ஆம்புலன்ஸை நிறுத்தக்கூடாது. ஆகவே டியூட்டி டாக்டர் காரணத்தை ஒரு வரி எழுதிவிட்டு அனுப்பலாம். மறுநாள் காலையில் இருவர் அந்தப் பட்டியலைப் பார்ப்பார்கள். உயிரைக் காக்க வழி திறந்திருக்கும். திறந்தது யார், ஏன் என்பதும் எழுத்தில் இருக்கும். பழைய நோட்டில் போட்ட கையெழுத்து இதுதான்.

ஆறாவது, போகிறவர்கள். ஊழியர் ஒருவர் வேலையை விட்டுப் போகும் அன்றே அவருடைய கணக்கை மூடவேண்டும். வெளியிலிருந்து கம்ப்யூட்டர் வேலை செய்துகொடுக்கும் நிறுவனத்துக்கும் இதே விதி. திருப்பூர் நிகழ்ச்சி கற்பிக்கும் பாடம் அதுதான்.

இவ்வளவு செய்தாலும் ஓட்டை இல்லாமல் போகாது. கேஸ் ஷீட்டைச் செல்போனில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இந்தக் காவலாளுக்குத் தெரியாது. தமிழில் கையால் எழுதியதைப் படம் எடுத்துச் சேமித்தால் அதை வாசிக்க அதனால் பெரும்பாலும் இயலாது. அங்கே மனிதருடைய மனச்சாட்சிதான் காவல். புதிதாக வரும் ஒவ்வொரு நர்ஸுக்கும், ஓட்டுநருக்கும், துப்புரவு ஊழியருக்கும் இதைச் சொல்லிக்கொடுக்கவேண்டியிருக்கிறது.

தொழிற்சாலைகளோடு உள்ள உறவிலும் ஒரு விதி வேண்டும். தொழிலாளருக்கு உடல் பரிசோதனை முடிந்ததும், எல்லா முடிவுகளையும் பெயரோடு ஒரே தாளில் அனுப்பிவிடுங்கள் என்று கேட்பது எங்கும் வழக்கமாகிவிட்டது. வேலைக்குத் தகுதியானவர், அல்லது இத்தனை நாள் ஓய்வு தேவை என்பது மட்டும் நிர்வாகத்துக்குப் போனால் போதும். சட்டப்படி அரசுக்குத் தெரிவிக்கவேண்டிய நோயை அரசுக்குத் தெரிவிப்போம். மற்றதெல்லாம் அந்தத் தொழிலாளியின் கையில் கொடுக்கப்படும்.

சட்டமும் இதையே கேட்கிறது. எச்.ஐ.வி. குறித்த 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கிறது. அந்த விவரத்தை வைத்திருக்கும் எந்த நிறுவனமும் அதைக் காக்கத் தகுந்த ஏற்பாடு செய்யவேண்டும் என்கிறது. கம்ப்யூட்டர் சம்பந்தமான பாதுகாப்புக் குறைவு நேர்ந்தால், தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்கவேண்டும் என்பது 2022இல் வந்த உத்தரவு. 2023இல் இயற்றப்பட்ட தனிநபர் விவரப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் வெளியாயின. முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்துக் கட்டாயமாகும். பாதுகாப்பில் தவறினால் 250 கோடி ரூபாய்வரை அபராதம் விதிக்க அதில் இடமுண்டு. ஆனால் அபராதத்துக்குப் பயந்து மட்டும் இதைச் செய்தால் அது கூலிக்காரனின் காவலாகவே இருக்கும்.

இனி உங்களைப் பற்றிய ஒரு காரியம். 2021-22ஆம் நிதியாண்டு முதல், நன்கொடைக்கு வரிவிலக்குக் கிடைக்கவேண்டுமானால், கொடையாளரின் பான் போன்ற அடையாள எண்ணோடு வருமான வரித் துறைக்குக் கணக்குக் கொடுக்கவேண்டும் என்று விதி வந்தது. ஆகவே ரோலிங் மில் தொழிலாளியின் ஆதார் இருக்கும் அதே சேமிப்பகத்தில் உங்கள் பெயர், முகவரி, பான், நீங்கள் கொடுத்த தொகை எல்லாம் இருக்கின்றன. வாசல் ஒன்றுதான். அவரைக் காக்கும் விதியே உங்களையும் காக்கும்.

சரி, எங்கள் இரண்டு வேண்டுகோள்களுக்கு வருவோம்.

முதலாவது பணம். கிளவுட் நிறுவனங்கள் தர்ம ஸ்தாபனங்களுக்கு இலவசமாகக் கொடுக்கும் பதிப்பில் இந்த வாயிற்காவல் பெரும்பாலும் இருப்பதில்லை. மேல்நிலைக் கட்டணப் பதிப்பில்தான் இருக்கிறது. ஒவ்வொரு ஊழியருக்கும் மாதாமாதம் கட்டவேண்டிய செலவு. ஒருமுறை வாங்கிப் பெயர்ப்பலகை மாட்டக்கூடியது அல்ல. எக்ஸ்ரே இயந்திரத்தின்மேல் கொடுத்தவர் பெயரை எழுதலாம். வெளியே போகாமல் நின்றுவிட்ட ஒரு கோப்பின்மேல் யார் பெயரை எழுதுவது? ஆனாலும் இது வார்டுக்குக் கூரை போடுவதைப் போன்றதே. வருடாந்தர நன்கொடையில் ஒரு பகுதியை இதற்கென்று ஒதுக்க அனுமதியுங்கள்.

இரண்டாவது வேண்டுகோள். உங்களில் சிலரும், உங்கள் சபைகளும், அன்போடும் பொறுப்போடும் எங்களிடம் கேட்பதுண்டு: எங்கள் பணத்தால் குணமானவர்களின் பெயர்ப் பட்டியல் வேண்டும், ஊர் வேண்டும், என்ன நோய் என்று வேண்டும், புகைப்படம் இருந்தால் நல்லது. கணக்குக் கேட்பது உங்கள் உரிமை. அதை ஒருபோதும் மறுக்கமாட்டோம். ஆனால் யோசித்துப் பாருங்கள். பெயர், ஊர், நோய், படம் நான்கும் சேர்ந்த பட்டியல்தான் சந்தையில் விலைபோகிற பட்டியல். நாங்கள் வைக்கும் விதி வாசலில் முதலாவதாக நிறுத்தப்போகும் கோப்பு, உங்களுக்கு அனுப்பும் அறிக்கையாகவே இருக்கும்.

நோயாளியிடம் சம்மதம் கேட்டால் கொடுப்பாரே என்று நீங்கள் சொல்லலாம். கொடுப்பார். இலவசமாகச் சிகிச்சை பெற்றவர், படம் எடுக்கலாமா என்று டாக்டர் கேட்கும்போது எப்படி வேண்டாம் என்பார்? மறுக்கமுடியாத இடத்தில் நிற்கிறவரின் சம்மதம் சம்மதமாகுமா? ஆகவே இனி உங்களுக்கு எத்தனை பேர், என்ன செலவு, எத்தனை பேர் சிகிச்சையை முடித்தார்கள் என்ற எண்ணிக்கை வரும். தணிக்கையாளரின் சான்று வரும். நோயாளியின் முகமும் பெயரும் வராது. கணக்கைச் சரிபார்க்க விரும்புகிற சபை, ஒரு தணிக்கையாளரை அனுப்பலாம். அவர் மருத்துவமனைக்குள் உட்கார்ந்து பதிவேட்டைச் சரிபார்த்து, எண்ணிக்கையை மட்டும் எடுத்துக்கொண்டு போவார்.

இதனால் எங்கள் இதழ் சற்று வறண்டு போகலாம். ஒரு குழந்தையின் சிரித்த முகத்தைப் பார்த்துக் கொடுத்த கை, எண்ணைப் பார்த்துக் கொடுக்கத் தயங்கலாம் என்றும் எங்களுக்குத் தெரியும். வரவு குறையக்கூடும் என்று கணக்கர் எச்சரித்தார். அதை அறிந்தே இந்த முடிவுக்கு வந்திருக்கிறோம். தர்மம் அந்தரங்கமாக இருக்கவேண்டும் என்று ஓய்வுநாள் பள்ளியிலேயே கற்றவர்கள் நாம். கொடுக்கிறவரின் பெயரை மறைப்பதே அழகு என்றால், பெற்றுக்கொள்கிறவரின் பெயரை மறைப்பது எவ்வளவு அவசியம்!

ஆகவே, அடுத்த அறிக்கை உங்கள் கைக்கு வரும்போது அதில் பெயர் இல்லையே என்று வருந்தாதிருங்கள். இரும்புத் தூசியோடு எங்கள் ஓ.பி. வரிசையில் நின்ற ஒருவர், ஆறு மாத மருந்தையும் முடித்து, அதே மில்லில், அதே அறையில், யாரும் விரல் நீட்டாமல் வாழ்கிறார் என்பதற்கு அந்த வெற்றிடம் ஓர் அடையாளம். அவர் யார் என்று உங்களுக்குத் தெரியாது. தெரியாமலே அவரைத் தாங்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்.